மேகங்களை இனம் பிரித்தறிதல்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



பயிர்த்தொழில் செய்வோருக்கு நிலத்தைப் பற்றிய அறிவு எத்துணை அவசியமோ, அத்துணை அவசியம் ஆகாயத்தைப் பற்றிய அறிவும். ஒரு பிடி மண்ணைக் கையிலெடுத்துப் பார்த்து, இது வண்டல், இது கரிசல், இது செம்மண், இது களர் என்று இனம் பிரித்துச் சொல்ல மாட்டாத குடியானவர் ஒருவரும் இலர். ஆனால் தலைக்கு மேல் தினந்தோறும் செல்லும் மேகங்களைக் குறித்துக் கேட்டால், 'மப்பாயிருக்கிறது' என்றோ, 'மந்தாரமாயிருக்கிறது' என்றோ, 'வானம் வெளுத்துவிட்டது' என்றோ சொல்வதோடு பெரும்பாலோர் நின்றுவிடுகின்றனர். மண்ணுக்கு இனம் இருப்பது போலவே மேகத்துக்கும் இனம் உண்டு. பொழியும் மேகம் வேறு, பொழியாத மேகம் வேறு. மழையை முன்னறிவிக்கும் மேகம் வேறு, மழை தீர்ந்ததென்று காட்டும் மேகம் வேறு.

இவற்றைப் பிரித்தறியாததனால் வரும் நஷ்டம் அற்பமன்று. காவிரிப் பாசனப் பகுதிகளில் குறுவை நெல் களத்துக்கு வந்து சேரும் காலமும், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலமும் நெருங்கி அமைந்திருக்கின்றன. அப்பருவமழை சாதாரணமாய் அக்டோபர் 20-ந் தேதியையொட்டித் தொடங்குவது. நேரடிக் கொள்முதல் நிலையங்களில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்பது பொது விதி. சில ஆண்டுகளில் இது தளர்த்தப்பட்டதுண்டு. களத்தில் பரப்பிய நெல் அரைமணி நேர மழையில் நனைந்தால், நாலு மாதப் பாடும் சங்கத்தில் வாங்கிய பயிர்க் கடனும் அந்த ஈரத்தில் சிக்கிக்கொள்ளுகின்றன. நிலக்கடலையும் அப்படியே. பறித்த காய் சரியாய்க் காயாவிட்டால் பூஞ்சணம் பற்றி, விலை போகாததோடு உண்போருக்கும் தீங்காகிறது.

இதற்கு மாறான நஷ்டமும் உண்டு. பொழியாத மேகத்தைக் கண்டு பயந்து, காய்கிற தானியத்தை அவசரமாய் அள்ளிக் குவித்து மூடினால், ஒரு நாள் வெயிலும் ஆட்களின் கூலியும் வீண். ஆகவே மேகத்தை அறிவதென்பது பொழுதுபோக்கன்று. களத்துமேட்டுக் கணக்கில் சேர்ந்த காரியமேயாகும்.

மேகம் என்பது யாது?

மேகம் புகையன்று, நீராவியுமன்று. நீராவி கண்ணுக்குத் தெரியாது. தரையின் உஷ்ணத்தால் சூடேறிய காற்று, தன்னிலுள்ள நீராவியுடன் மேலே எழும்புகிறது. எழும்ப எழும்ப, ஏறக்குறைய 100 மீட்டருக்கு 1 பாகை செல்சியஸ் வீதம் அது குளிர்கிறது. ஓர் அளவுக்கு மேல் குளிர்ந்தவுடன், அதிலுள்ள நீராவி காற்றில் மிதக்கும் நுண்ணிய தூசி, கடலுப்பு முதலியவற்றின் மேல் படிந்து சிறு நீர்த்துளிகளாகிறது. அத்துளிகளின் கூட்டமே மேகம். மிக்க உயரத்தில் துளிகளுக்குப் பதிலாகப் பனிக்கட்டித் துகள்கள் இருக்கும்.

ஒரு மேகத்துளியின் குறுக்களவு ஏறக்குறைய 0.02 மில்லிமீட்டர். நடுத்தரமான மழைத்துளியின் குறுக்களவு 2 மில்லிமீட்டர். அஃதாவது, பத்து லட்சம் மேகத்துளிகள் ஒன்றுகூடினால்தான் ஒரு மழைத்துளி உண்டாகும். மேகம் இருந்தும் மழை இல்லாமற் போவதன் காரணம் இதுவே. துளிகள் ஒன்றுகூடிப் பருக்க வேண்டுமானால் மேகத்துக்குக் கனமும், உள்ளே காற்றின் ஏற்றமும், போதிய நேரமும் வேண்டும். இம்மூன்றும் இருக்கின்றனவா என்பதை மேகத்தின் உருவமே வெளியிடுகிறது.

மேகத்தின் கருமையைக் கொண்டு மாத்திரம் முடிவு செய்தல் கூடாது. கருமை என்பது மேகத்தின் கனத்தாலும், வெயில் படும் பக்கத்தாலும் ஏற்படுவது. மாலையில் சூரியன் மேற்கே இருக்கும்போது இரண்டு கிராமங்களுக்கு நடுவே ஒரு பெருமேகம் நின்றால், அதன் மேற்கிலுள்ள கிராமத்தார் வெயில் பட்ட பக்கத்தைப் பார்த்து அதை வெண்மேகம் என்பர். கிழக்கிலுள்ளவர்கள் நிழற்பக்கத்தைப் பார்த்துக் கார்மேகம் என்பர். மேகம் ஒன்றே. நிறம் பார்ப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. உருவமும் உயரமும் அப்படி மாறுவதில்லை.

பெயர்கள் வந்த விதம்

தமிழில் மேகத்துக்குப் பெயர்கள் குறைவில்லை. முகில், கொண்டல், எழிலி, மஞ்சு, கார் என்று பல உண்டு. சம்வர்த்தம், ஆவர்த்தம், புஷ்கலாவர்த்தம், துரோணம், காளமுகி முதலாக ஏழு மேகங்களை முன்னோர் எண்ணினர். ஆயினும் இன்ன உருவமுள்ளதற்கு இன்ன பெயர் என்று எல்லாரும் ஒரே விதமாய் வழங்கும் ஏற்பாடு எந்நாட்டிலும் நெடுங்காலம் ஏற்படவில்லை. மேகம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுவதாகையால் அதை வகைப்படுத்த முடியாதென்றே பலரும் எண்ணியிருந்தனர்.

அவ்வெண்ணத்தை மாற்றியவர் லூக் ஹோவர்டு என்னும் லண்டன் நகரவாசி. அவர் வானியல் பண்டிதரல்லர். மருந்துச் சரக்குகள் தயாரிக்கும் தொழிலுடையவர். ஓய்வு நேரங்களில் ஆகாயத்தைக் கவனித்துக் குறிப்பெழுதும் பழக்கமுள்ளவர். 1802-ம் ஆண்டு டிசம்பர் மாதம் லண்டனில் நண்பர்கள் கூடிய ஒரு சிறிய சங்கத்தில் அவர் ஒரு பிரசங்கம் செய்தார். மேகங்கள் எத்தனை விதமாய்த் தோன்றினாலும் அடிப்படை உருவங்கள் மூன்றே என்றும், மற்றவை இவற்றின் கலப்பும் மாறுதலுமே என்றும் அவர் காட்டினார். அவையாவன: மயிரிழை போன்ற கீற்று, குவியல் போன்ற திரள், விரிப்புப் போன்ற படை. இவற்றுக்கு லத்தீன் மொழியில் சிரஸ், குமுலஸ், ஸ்ட்ராடஸ் என்று பெயரிட்டார். மழை பொழியும் மேகத்துக்கு நிம்பஸ் என்ற பெயரையும் வைத்தார். அதே 1802-ல் பிரான்சு தேசத்து லாமார்க் என்னும் சாஸ்திரியும் மேகங்களை வகைப்படுத்தியிருந்தார். ஆனால் உலகத்தில் நிலைத்தவை ஹோவர்டு வைத்த பெயர்களே.

ஒரு தேசத்து மேகத்துக்கு வைத்த பெயர் மற்றொரு தேசத்துக்குப் பொருந்துமா என்ற சந்தேகம் பின்னர் எழுந்தது. ரால்ஃப் ஆபர்கிராம்பி என்பவர் பூமியைச் சுற்றிப் பிரயாணம் செய்து, மேகங்களின் உருவங்கள் எங்கும் ஒன்றே என்று கண்டார். அவரும் ஸ்வீடன் தேசத்து ஹில்டெபிராண்ட்சனும் சேர்ந்து 1887-ல் பத்து இனங்களைக் கொண்ட வரிசையை வெளியிட்டனர். 1896-ல் படங்களுடன் சர்வதேச மேகப் படநூல் வெளியாயிற்று. உலக வானிலை அமைப்பு 2017-ல் வெளியிட்ட பதிப்பிலும் மேகங்களின் மூல இனங்கள் பத்தே.

மூன்று அடுக்குகள், பத்து இனங்கள்

மேகங்களை முதலில் உயரத்தாலும், பிறகு உருவத்தாலும் பிரிக்க வேண்டும். வெப்பமண்டலப் பிரதேசங்களில் கீழ் மேகங்களின் அடி தரையிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் அமையும். நடு மேகங்கள் 2 முதல் 8 கிலோமீட்டர் வரையிலும், மேல் மேகங்கள் 6 முதல் 18 கிலோமீட்டர் வரையிலும் காணப்படும்.

மேல் அடுக்கில் மூன்று இனங்கள். முதலாவது கீற்று மேகம். வெண்பட்டு நூலைப் பிரித்துப் போட்டாற்போலவும், கோழி இறகு போலவும் மெல்லியதாய் இருக்கும். இரண்டாவது கீற்றுத் திரள் மேகம். கடற்கரை மணலில் அலை விட்ட வரிகளைப் போலச் சிறு வெண்மணிகள் வரிசைப்பட்டிருக்கும். மூன்றாவது கீற்றுப் படை மேகம். ஆகாயம் முழுதும் மெல்லிய பால் பூசினாற்போல் வெளுத்திருக்கும். சூரியனையோ சந்திரனையோ சுற்றி வளையம் தோன்றும். இவை மூன்றும் பனிக்கட்டித் துகள்களால் ஆனவை. இவற்றிலிருந்து மழை தரைக்கு வாராது.

நடு அடுக்கில் மூன்று. இடைத்திரள் மேகம் செம்மறியாட்டு மந்தை போல் உருண்டை உருண்டையாய்ப் பரவியிருக்கும். இடைப்படை மேகம் சாம்பல் நிறமான சீரான விரிப்பு. சூரியன் மங்கிய கண்ணாடிக்குப் பின்னாலிருப்பது போல் தெரியும். கார்ப்படை மேகம் கனத்த கருஞ்சாம்பல் நிறத்தது. சூரியனை அடியோடு மறைத்துவிடும். இடி மின்னல் இல்லாமல் மணிக்கணக்காய் நின்று பெய்யும் மழை இதனுடையது. ஏரிகளுக்கும் நிலத்தடி நீருக்கும் மிகவும் அநுகூலமான மழை இதுவே.

கீழ் அடுக்கில் நான்கு. படை மேகம் தரைக்கு அணித்தாயுள்ள வெளிறிய மூட்டம். தூறல் உண்டு, பெருமழை இல்லை. மார்கழி, தை மாதக் காலையில் தரையிலேயே படிவது மூடுபனி. அதுவும் இதன் இனத்ததே. படைத்திரள் மேகம் பெரிய கட்டிகளாய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். திரள் மேகம் அடி தட்டையாயும் தலை காலிப்பூப் போன்றும் தனித்தனியாய் மிதக்கும். கடைசியாக உள்ளது கார்த்திரள் மேகம். இடி மேகம் எனப்படுவது இதுவே. இதன் அடி கீழ் அடுக்கில் இருந்தாலும் தலை மூன்று அடுக்குகளையும் ஊடுருவி 15 கிலோமீட்டருக்கு மேலும் செல்லும்.

விரலும் நிழலும்

கீற்றுத் திரள், இடைத்திரள், படைத்திரள் ஆகிய மூன்றும் கட்டி கட்டியாயிருப்பதால் ஒன்றை மற்றொன்றாக மயங்குவது இயல்பு. இதற்கு வானிலையாளர் கையாளும் சுலபமான அளவு ஒன்றுண்டு. கையை முழுதும் நீட்டி விரலை மேகக் கட்டிக்கு நேரே பிடிக்க வேண்டும். கட்டி சுண்டுவிரல் அகலத்துக்குள் அடங்கினால் கீற்றுத் திரள். சுண்டுவிரலுக்கு மிஞ்சி மூன்று விரல் அகலத்துக்குள் அடங்கினால் இடைத்திரள். மூன்று விரலுக்கும் மிஞ்சினால் படைத்திரள். தொடுவானத்தின் அருகிலுள்ள மேகம் பக்கவாட்டில் தெரிவதால் நெருக்கமாய்த் தோன்றும். ஆதலின் தொடுவானத்திலிருந்து மூன்று முஷ்டி உயரத்துக்கு மேலுள்ள மேகத்தையே இவ்வாறு அளக்க வேண்டும்.

கீற்றுப் படையையும் இடைப்படையையும் பிரித்தறிய நிழலே போதும். பகலில் களத்தில் நிற்பவரின் நிழல் தரையில் விழுந்தால் மேலே உள்ளது கீற்றுப் படை. சூரியன் மங்கலாய்த் தெரிந்தும் நிழல் விழாவிட்டால் அது இடைப்படை. மேகம் தடித்து, அடியும் தாழ்ந்துவருகிறது என்பதற்கு நிழல் மறைவதே அடையாளம்.

மேகம் எத்திசையில் செல்லுகிறதென்று அறிய, அசையாத பொருள் ஒன்று வேண்டும். பனைமர உச்சியையோ கோபுரக் கலசத்தையோ நேராய் வைத்துக்கொண்டு, ஒரே இடத்தில் நின்று பார்த்தால் மேகத்தின் ஓட்டம் விளங்கும். தரையில் வீசும் காற்றின் திசையும் மேலேயுள்ள மேகத்தின் திசையும் வேறுபடுவதுண்டு. வானிலை வழக்கில், காற்று எத்திசையிலிருந்து வருகிறதோ அத்திசையே அதன் பெயர்.

ஒன்றன்பின் ஒன்றாய் வரும் மேகங்கள்

மேகங்களைக் கவனிப்பவர் முக்கியமாய் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரு சமயம் பார்த்த ஒரு மேகம் கூறுவது சொற்பம். அதற்குப்பின் வந்தது எது என்பதே மிகுதியும் கூறும். கீற்று மேகம் தனியே வந்து தனியே போய்விட்டால் ஒன்றுமில்லை. கீற்றுக்குப் பின் கீற்றுப் படை வந்து வளையம் தோன்றி, அதற்குப் பின் நிழல் மறைந்து இடைப்படை கூடி, அடி தாழ்ந்துகொண்டே வருமானால், கார்ப்படையும் நீடித்த மழையும் தொடர்ந்து வருவது சகஜம். வடகிழக்குப் பருவத்தில் வங்காள விரிகுடாவில் தாழ்வழுத்தம் உண்டாகி நெருங்கும்போது இவ்வரிசையைக் காணலாம்.

சந்திரன் கோட்டை கட்டியிருக்கிறது என்று முதியோர் சொல்வது இதையே குறிக்கும். கோட்டை கிட்ட இருந்தால் மழை எட்ட, எட்ட இருந்தால் மழை கிட்ட என்பதும் கிராமங்களில் வழங்குவது. இதில் உண்மை இருக்கிறது. சந்திரனை ஒட்டினாற்போல் தோன்றும் சிறு வட்டம், நீர்த்துளிகளாலான மெல்லிய மேகத்தால் உண்டாவது. அது இடைத்திரளில் அடிக்கடி காண்பது. சந்திரனிலிருந்து 22 பாகை விலகி, நீட்டிய கையின் ஒரு சாண் தூரத்தில் நிற்கும் பெரிய வட்டம் பனிக்கட்டித் துகள்களால் உண்டாவது. அது கீற்றுப் படையின் அடையாளம். பரந்த மழைக்கு முன்னே வருவது பெரும்பாலும் இரண்டாவதே. ஆயினும் மாசி, பங்குனி மாதங்களில் பெரிய கோட்டை கட்டியும் ஒரு துளி விழாமற் போவது சாதாரணம். கோட்டையைக் கண்டதும் தானியத்தை அள்ள வேண்டியதில்லை; மறுநாள் நிழல் மறைகிறதா என்று கவனித்தலே தக்கது.

தமிழ்நாட்டுப் பருவங்களில் இவை வரும் முறையும் ஒன்றல்ல. ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து வேகமாய் ஓடும் படைத்திரள் மேகங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் அப்புறத்தில் மழையைக் கொட்டிவிட்டு வருபவை. சமவெளியில் காற்றும் சாரலுமே மிச்சம். சித்திரை, வைகாசி மாதங்களில் காலையில் நிர்மலமான வானமும், பிற்பகலில் திரள் மேகமும், மாலையில் இடியும் என்பது வழக்கம். ஐப்பசி, கார்த்திகையில் கடலோரத்து மழை பின்னிரவிலும் விடியற்காலையிலும் வருவது மிகுதி. தமிழ்நாட்டு வருஷ மழையில் ஏறக்குறைய பாதி இப்பருவத்ததாகையால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை களத்தில் தானியம் உள்ளவர்கள் படுக்கப்போகுமுன் கிழக்கு வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் படுப்பது நலம்.

இடி மேகத்தின் வளர்ச்சி

மற்ற மேகங்களை அறியாமற்போனால் பொருள் நஷ்டம். கார்த்திரள் மேகத்தை அறியாமற்போனால் உயிர் நஷ்டம். தேசியக் குற்றப் பதிவு அலுவலகத்தின் கணக்குப்படி, 2022-ம் ஆண்டில் இந்தியாவில் மின்னல் தாக்கி இறந்தவர் 2,800-க்கு மேற்பட்டவர். திறந்த வெளியில் வேலை செய்வோருக்கே இவ்வபாயம் அதிகம்.

இம்மேகம் திடீரென்று தோன்றுவதன்று, படிப்படியாய் வளருவது. முதற் படியில் அது அகலம் மிகுந்து உயரம் குறைந்த சிறு திரள். இந்நிலையில் மாலை வரை இருந்துவிட்டுக் கரைந்தால் நல்ல வானிலைக்கு அறிகுறி. இரண்டாம் படியில் உயரம் அகலத்தோடு சமமாகும். மூன்றாம் படியில் உயரம் அகலத்தை மிஞ்சி, காலிப்பூப் போன்ற தலைகள் கோபுரமாய்க் கிளம்பும். அப்பொழுதே களத்துத் தானியத்தைக் குவிக்கத் தொடங்க வேண்டும். நாலாம் படியில், கூர்மையாய்த் தெரிந்த காலிப்பூ விளிம்பு மழுங்கி நார் நாராய்ப் பிரிந்து, உச்சி கொல்லனின் பட்டறைக் கல்லைப்போல் தட்டையாய்ப் பக்கங்களில் விரியும். மேகத்தின் தலை பனிக்கட்டியாகிவிட்டது என்பதற்கு இது சாட்சி. இனி அது இடி மேகமேயாகும். மூன்றாம் படியிலிருந்து நாலாம் படிக்குச் செல்ல ஒரு மணி நேரமும் வேண்டுவதில்லை.

காலையிலேயே கிடைக்கும் ஒரு முன்னறிவிப்பும் உண்டு. இடைத்திரள் மேகத்தின் மேற்பக்கத்தில் கோட்டைச் சுவரின் கொத்தளங்களைப்போல் சிறு தலைகள் நிமிர்ந்திருந்தால், நடு அடுக்கில் காற்று நிலைகொள்ளாமல் ஏறுகிறதென்று பொருள். அன்று பிற்பகலில் இடிமழையை எதிர்பார்க்கலாம். புழுக்கமான பிற்பகலில் திடீரென்று குளிர்ந்த காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வீசினால், மேகத்திலிருந்து மழையோடு இறங்கிய குளிர்காற்றுத் தரையில் பரவி முன்னே வந்துவிட்டது என்று அறிய வேண்டும். மழை பின்னாலேயே வருகிறது; அப்போது அள்ளத் தொடங்குவது காலதாமதமே.

மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்கி, இடி கேட்கும்வரை எத்தனை விநாடி என்று பார்க்க வேண்டும். மூன்று விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். 30 விநாடிக்குள் இடி கேட்டால் மேகம் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே வேலையை நிறுத்திக் கட்டிடத்துக்குள் செல்ல வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழியும்வரை வெளியே வரலாகாது. தனித்து நிற்கும் பனைமரத்தடியும், புளியமரத்தடியும், வைக்கோற்போரின் ஓரமும் ஒதுங்கும் இடங்களல்ல. நனைந்த நெல்லை மீண்டும் உலர்த்தலாம். ஆகவே மின்னல் சமீபித்தபின் தானியத்துக்காக ஆளைக் களத்தில் நிறுத்துவது கூடாது. மேகத்தின் மூன்றாம் படியிலேயே வேலையைத் தொடங்கச் சொல்வதன் நோக்கம், தானியமும் தப்ப வேண்டும், ஆளும் தப்ப வேண்டும் என்பதே.

மேகம் சொல்லாதவை

மேகம் சொல்லக்கூடியது சில மணி நேரத்துச் செய்தி. மிஞ்சினால் ஒன்றிரண்டு நாட்செய்தி. இவ்வருஷம் மழை உண்டா, எத்தனை அங்குலம் என்ற கேள்விக்கு ஒரு நாளைய மேகத்தில் விடை இல்லை. புயலின் வலிமையும் மேகத்தைப் பார்த்து அறியக்கூடியதன்று. 2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி விடியுமுன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. அத்தகைய காற்றின் வேகத்தைத் தரையில் நிற்பவர் கண்ணால் அளவிட முடியாது.

இதற்கென்று 1875-ல் ஏற்பட்ட இந்திய வானிலைத் துறை இருக்கிறது. 1960-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் வானிலைச் செயற்கைக்கோள் ஏவப்பட்டபின், மேகங்களைக் கீழிருந்து மட்டுமன்றி மேலிருந்தும் பார்ப்பது சாத்தியமாயிற்று. விவசாயிகளுக்கென 2019-ல் வெளிவந்த 'மேகதூத்' என்னும் கைப்பேசிச் செயலியும், மின்னல் எச்சரிக்கைக்காகப் புனே வெப்பமண்டல வானிலை நிறுவனம் அமைத்த 'தாமினி'யும் அங்கத்தினர்களுக்குப் பயன்படும். துறையின் அறிவிப்பு ஒரு வட்டாரம் முழுவதற்கும் பொதுவானது. அம்மழை இந்தக் களத்துக்கு இந்தப் பிற்பகலில் வருமா என்பதைத் தலைக்கு மேலுள்ள மேகமே காட்டும். ஒன்றிருந்தால் மற்றொன்று வேண்டாமென்பது சரியன்று.

மேகப் பதிவேடு

கண்ணால் கண்டது மறந்துபோகும். எழுதி வைத்தது நிற்கும். சங்கத்தில் கொடுக்கல் வாங்கலை வாய்க்கணக்காய் விடாமல் பேரேட்டில் பதிவது போலவே, ஆகாயத்தின் வரவு செலவையும் பதிவது பொருத்தமாகும். சென்னையில் வானிலைக் குறிப்புகள் 1796 முதலே எழுதப்பட்டு வந்தன. அவற்றால் பிற்காலத்தார் அடைந்த பயன் பெரிது. ஒரு கிராமத்துக்கு அத்தகைய குறிப்பை அக்கிராமத்தாரே செய்துகொள்ளலாம். செலவு ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு மழைமானியுமே.

பதிவேட்டில் ஆறு கலங்கள் போதும். தேதி ஒன்று. நேரம் ஒன்று, காலை 8.30 மணியும் மாலை 5.30 மணியும் தக்கவை. ஆகாயத்தை எட்டுப் பங்காய்ப் பாவித்து அதில் எத்தனை பங்கு மேகம் மூடியிருக்கிறதென்பது மூன்றாவது. வானிலை நிலையங்களிலும் எட்டில் இத்தனை என்றே குறிப்பர். மேகத்தின் இனம் நாலாவது. அது வரும் திசை ஐந்தாவது. காலை 8.30 மணிக்கு மழைமானியில் அளந்த முந்திய 24 மணி நேர மழை ஆறாவது, 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்த நாளே மழைநாளாய் எண்ணப்படும். மேகம் இல்லாத நாளிலும் 'மேகம் இல்லை' என்று எழுத வேண்டும். எழுதாமல் விட்ட நாளும் மேகமில்லாத நாளும் பிற்பாடு ஒன்றாய்த் தோன்றி, கணக்கு கெடும்.

இவ்வேலைக்குப் பட்டம் பெற்ற ஆள் அவசியமில்லை. பள்ளிக்கூடத்து உயர்வகுப்புப் பிள்ளைகள் இருவர் முறைவைத்துச் செய்யலாம். அவர்கள் எழுதியதை வயதில் முதிர்ந்த குடியானவர் ஒருவர் மேற்பார்வையிடலாம். முதியவருக்கு மேகம் பழக்கம். பிள்ளைகளுக்கு எழுத்து பழக்கம். இரண்டும் சேர்ந்தால்தான் பதிவேடு சரியாய் அமையும். ஓர் ஐப்பசி முழுதும் எழுதிப் பார்த்தால், கிழக்கிலிருந்து வந்த எந்த மேகம் பெய்தது, எது பெய்யாமல் போயிற்று என்ற விவரம் அந்தக் கிராமத்துக்கே உரியதாய்க் கிடைக்கும். மலையோரத்துக் கிராமத்துக்கு ஒரு கணக்கும், கடலோரத்துக் கிராமத்துக்கு வேறு கணக்குமாய் இருப்பது இயல்பே.

ஒரே மேகம் மேற்கூரில் வெளுப்பாயும் கீழூரில் கறுப்பாயும் தெரியும் என்று முன்னே கூறப்பட்டது. அண்டைக் கிராமத்துச் சங்கத்தார் ஒருவருக்கொருவர் தொலைபேசியில் செய்தி சொல்லிக்கொண்டால், ஓரூருக்குத் தெரியாத பக்கம் மற்றோரூருக்குத் தெரியும். மேற்கூரில் மழை பிடித்த செய்தி கால்மணி நேரம் முந்தி வந்தால், கீழூரில் ஒரு களத்துத் தானியம் முழுதும் தார்ப்பாயின் கீழ் வந்துவிடும். அத்தார்ப்பாயைச் சங்கத்தின் பொதுச் சொத்தாய் வாங்கி, எவர் களத்தில் தானியம் இருக்கிறதோ அவருக்கு முறைப்படி கொடுப்பதும் நல்ல ஏற்பாடு.

மேகத்தைப் பெய்விக்கவோ தடுக்கவோ குடியானவருக்குச் சக்தியில்லை. வருவது இன்னதென்று முன்னே அறிந்து, கையிலுள்ள தானியத்தையும் கூடவிருக்கும் ஆட்களையும் காத்துக்கொள்ளுதல் அவர் சக்திக்கு உட்பட்டது. ஆகவே அங்கத்தினர்கள் காலையிலும் மாலையிலும் இரண்டு நிமிஷம் ஆகாயத்தை நோக்கி, மேகத்தின் உயரம், உருவம், வரிசை ஆகிய மூன்றையும் கவனித்து, சங்கம்தோறும் ஒரு பதிவேட்டை இந்தப் பருவத்திலேயே தொடங்குவார்களாக.